கங்கைகொண்ட சோழபுரம்: அரை நாள் போதுமா, ஒரு வாரம் தாங்குமா?

இந்தப் பக்கத்தில் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். ஒரு பெரிய நகரத்துக்குப் போனால் இரண்டு நாளில் திரும்பிவிடலாமா, இல்லை பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிவிட்டு நிதானமாகத் தங்கலாமா? ஐதராபாத்துக்கு ஆறு நாள் என்றேன். கொல்கத்தாவுக்குப் பத்து நாளும் போதாது என்றேன். மைசூருக்கு மூன்று போதும் என்று எழுதி மைசூர்க்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன மார்கழியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அக்கா, உங்கள் கணவருக்கு ஜெயங்கொண்டம் என்று ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். பத்து கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். சோழர்களின் தலைநகராக இருந்த பெருநகரம். அதற்கு எத்தனை நாள் கொடுப்பீர்கள்?" பதில் எழுத உட்கார்ந்தேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அந்தக் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அரை மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை. பதில் எழுதாமல் மூடி வைத்துவிட்டேன்.

அங்கே போய்த் தங்கிப் பார்க்க ஒரு காரணம் வீட்டுக்குள்ளேயே வந்தது. என் கணவர் கலியபெருமாள் அதே மார்கழியில் ஓய்வு பெற்றார். (பெயரைக் கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். கல்லங்குறிச்சிப் பெருமாளை வேண்டிக்கொண்டு பிறந்தவர்கள் அரியலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.) பொங்கலன்று சாப்பிட்டு எழுந்ததும், "வருஷத்துல ஆறு மாசம் ஜெயங்கொண்டத்துல போயி இருந்தா என்ன, உமா?" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடு வாடகைக்கு வருகிறதாம். தை கடைசிச் செவ்வாய்க்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். "அதுக்கு முன்னாடி நாலு நாள் போயித் தங்கிப் பாப்போம். ஊரை எடை போடுறதுல நீதான் கெட்டிக்காரியாச்சே."

நான் தாம்பரத்தில் பிறந்து தாம்பரத்திலேயே குடித்தனமும் நடத்துகிறவள். ஆறு மாதம் அங்கே என்றால் என்ன ஆகும்? இருந்தாலும் போய்ப் பார்க்காமல் ஒரு ஊரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிளம்பினோம்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ். பெரம்பலூர் சுமார் 240 கிலோமீட்டர். பத்தே முக்காலுக்கு இறங்கினோம். டிக்கெட் ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. நேராக ஜெயங்கொண்டம் போகிறவர்களுக்குக் கும்பகோணம் பஸ்தான் சுலபம், அதைக் கடைசியில் சொல்கிறேன். நாங்கள் பெரம்பலூர் வழியாகப் போனது சிறுவாச்சூருக்காக. அங்கிருக்கும் அம்மன் இவர்கள் வீட்டுக் குலதெய்வம். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் முக்கியமாக நடை திறக்கும், தெரியாமல் புதன்கிழமை போய் நிற்காதீர்கள்.

பெரம்பலூரில் ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். சிறுவாச்சூர் போய்விட்டு ஜெயங்கொண்டத்தில் கொண்டு விட இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். ஓட்டுநர் அன்பழகன் கலகலப்பானவர். எங்கே போகிறோம், எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நாலு நாளா? அங்க என்னங்க மேடம் இருக்கு நாலு நாளைக்கு? கோயிலு இருக்கு, புல்லுத்தரை இருக்கு. ஒரு ரவுண்டு வந்து போட்டோ எடுத்தீங்கன்னா மத்தியானச் சாப்பாட்டுக்குத் தஞ்சாவூரு போயிடலாம். எல்லாரும் அப்புடித்தாங்க."

"இவங்க அப்புடி இல்ல தம்பி. தங்கிப் பாத்துத்தான் தீர்ப்பு சொல்லுவாங்க" என்றார் என் கணவர், பெருமையும் கிண்டலுமாக.

சிறுவாச்சூரில் அன்று நல்ல கூட்டம். மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசியைக் கோயிலிலேயே உரலில் இடிப்பது வழக்கம். முந்தின இரவே அரிசியை ஊறவைத்து வடித்து டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். உலக்கையைக் கையில் எடுத்ததும் கல்யாணமான புதிதில் அதே இடத்தில் நின்றது ஞாபகம் வந்துவிட்டது. அன்று எனக்கு உலக்கை பிடிக்கத் தெரியாது. பாதி அரிசி மண்ணில், உள்ளங்கையில் கொப்புளம். சுற்றி நின்ற உறவுக்காரப் பெண்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தனமா இருந்தா நாலு குத்துல முடிச்சிருப்பா."

தனம் என்கிற தனலட்சுமி என் கணவரின் அத்தை மகள். இரண்டு வீட்டிலும் இவருக்குத் தனம்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்களாம். இவர் சென்னைக்கு வேலைக்கு வந்து, என் அப்பாவின் நண்பர் மூலம் சம்பந்தம் பேசி, என்னைக் கட்டிக்கொண்டார். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்து வாசல் தூண் ஓரமாக நீலத் தாவணியில் ஒரு பெண் நின்று அழுததை மணவறையிலிருந்தே பார்த்தேன். யார் என்று கேட்டேன், சொன்னார்கள். அதன்பிறகு இந்த ஊருக்கு வந்தபோதெல்லாம் காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடுவேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது சொல்வேன். உறவில் கல்யாணம், சாவு என்று தனத்தைப் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கீங்களா அக்கா?" "நல்லா இருக்கேன். நீ?" அவ்வளவுதான் பேச்சு.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டியிருக்கும், கார் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தச் சாலையில்தான் எனக்குப் பழசெல்லாம் வந்து முட்டியது. தீபாவளிக்கு முந்தின நாள் இடம் கிடைக்காமல் எஞ்சின் மேல் உட்கார்ந்து வந்தது, உடையார்பாளையம் நிறுத்தத்தில் எங்கள் பெரிய மகள் தவறாமல் வாந்தி எடுத்தது, இவர் இறங்கி ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த நிறுத்தத்தில்தான். நடத்துநரே பழகிப்போய், "உடையாபாளையம் வருது, பாப்பாவ சன்னல் பக்கம் மாத்துங்க" என்பார். அப்போதெல்லாம் எப்போது ஊர் வரும், எப்போது திரும்புவோம் என்று இருந்தது. இப்போது அந்த நிறுத்தத்தைக் கார் நிற்காமல் கடந்ததும் ஏதோ போலிருந்தது. என் கணவரும் திரும்பிப் பார்த்தார்.

மாமியார் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்றாகிவிட்டது. அதனால் லாட்ஜ்தான். ஏசி அறை ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய், சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலையில் மட்டும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் கோயிலில் இருந்தோம். ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ் உண்டு, ஆட்டோ என்றால் இருநூறு ரூபாய். அந்த நேரத்தில் போனவர்களுக்குத்தான் இந்தக் கோயில் தெரியும். வெயில் இன்னும் கோபுரத்தின் மேல்பாதியில்தான் இருந்தது. தஞ்சாவூர்க் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். இது மேலே போகப் போக உள்வாங்கி வளைந்து, ஒரு பெண் தலை முடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். வடக்குப் பக்கப் படிக்கட்டு ஓரத்தில், சண்டேசரின் தலையில் சிவன் பூச்சரத்தைச் சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. எல்லோரும் சிவனைத்தான் படம் எடுப்பார்கள். கீழே கை கூப்பித் தலை குனிந்திருக்கும் சண்டேசரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இவ்வளவு பெரிய சந்தோஷத்தை எப்படித் தாங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

முதல் தடவை வந்தபோது வேனில் இருபது பேர். உச்சி வெயிலில் கல் தரை கொதித்தது. நான் கூரைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு நிழல் தாவினேன். இவர் தன் மேல்துண்டை எடுத்து நந்திக்கு முன்னால் தரையில் விரித்து, "இதுல நில்லு" என்றார். எல்லோரும் கேலி செய்தார்கள். கல்யாணமாகி மூன்றாவது நாள். அதுவரை அவர் என்னிடம் முழுதாகப் பத்து வாக்கியம் பேசியிருக்கவில்லை. அதை ஞாபகப்படுத்தலாம் என்று திரும்பினால், அவர் புல்தரையில் உட்கார்ந்து போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"பாத்தாச்சுல்ல? போவமா?"

"ஆறு மாசம் தங்கணும்னு வந்தவரு நீங்க."

"தங்குறது வேற, கோயிலையே பாத்துக்கிட்டு நிக்கிறது வேற" என்றார்.

அன்று மத்தியானம் அந்த வாடகை வீட்டைப் பார்த்தோம். இரண்டு அறை, நல்ல காற்று, பின்னால் முருங்கை மரம். இவர் கட்டில் இங்கே, அலமாரி அங்கே என்று கையை விரித்து அளந்தார். நான் சமையலறை ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தேன். வீட்டில் குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பழைய நண்பர்களைப் பார்க்கப் போனார். என்னை வரச்சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனவர் பதினோரு மணிக்கே திரும்பிவிட்டார். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"முத்து திருப்பூர்ல மவன் வூட்டோட போயிட்டானாம். ரவி போயிட்டானாம்."

"எங்க போயிட்டாரு?"

"எறந்துட்டான், உமா. ரெண்டு வருஷம் ஆச்சாம். ஒருத்தருகூட சொல்லல. அவன் வூட்டு வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டேன். அவன் சம்சாரம் வந்து யாருங்கன்னு கேக்குது."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிட எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ரவி இவருக்காக வாங்கிய அடிகளைப் பற்றி முப்பத்தாறு வருடமாகக் கேட்டிருக்கிறேன், ஆளை ஒரு தடவைகூட நின்று பேசிப் பார்த்ததில்லை. நாங்கள் வந்துபோன அரை நாள்களில் அதற்கு இடமே இருந்ததில்லை.

சாயங்காலம் அவருடைய போன் அடித்தது. அவர் தூங்குகிறாரே என்று நான் எடுத்தேன்.

"அத்தானா?"

"இல்ல, உமா பேசுறேன்."

"அக்கா! நான் தனம். வெள்ளிக்கெழமையே வந்துட்டீங்களாம். லாட்ஜுல தங்கியிருக்கீங்களாம். ஏங்க்கா, எங்க வூடு என்ன கடலுக்குள்ளயா இருக்கு?"

அவளே மேலே பேசினாள். "சரி, அத விடுங்க. நாளைக்கு நான் சும்மாத்தான் இருக்கேன். ஊரச் சுத்திப் பாக்கத்தான வந்திருக்கீங்க? காலைல ஏழு மணிக்கு வண்டியோட வரேன். அத்தான் தூங்கட்டும்."

வண்டி என்றால் கார் என்று நினைத்தேன். மறுநாள் லாட்ஜ் வாசலில் தனம் ஒரு பழைய ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டு வந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு பெண்ணின் பின்னால் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். "புடிச்சிக்குங்க. தோள்லயே புடிங்க, கூச்சப்படாதீங்க" என்றாள்.

கோயிலைத் தாண்டி அவள் வண்டியைத் திருப்பிய பிறகுதான் என் கேள்விக்குப் பதில் தொடங்கியது. அந்தப் பெருநகரம் இப்போது சின்னச் சின்ன ஊர்களாக, பெயர்களாகச் சிதறிக் கிடக்கிறது. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று அடுத்தடுத்துப் பெயர்ப்பலகைகள். எல்லாம் முந்திரித் தோப்பும் கரும்பும் கொல்லையுமான சாதாரண ஊர்கள். ஒரு மாதா கோயில், ஒரு ரேஷன் கடை, ஆலமரத்தடியில் சீட்டு ஆடுகிறவர்கள். ஒவ்வொரு பலகைக்கும் நான் நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தேன்.

"ஆயுதக்களம்னா ராஜாவோட ஆயுதச் சாலை இருந்த எடம்னு சொல்றாங்க, தனம்."

"அப்புடியா? நான் இருபத்தெட்டு வருஷமா வந்துக்கிட்டு இருக்கேன். எனக்கு ஆயுதக்களம்னா புதங்கெழம தடுப்பூசி."

அவள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து போன வருடம்தான் விருப்ப ஓய்வு பெற்றிருந்தாள். அது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். போகிற வழியெல்லாம் வண்டியை மறித்தார்கள். மெய்க்காவல்புத்தூரில் மீசை வைத்த ஒருவன் டிராக்டரிலிருந்து குதித்து வந்து, "சிஸ்டர், பொண்ணு பொறந்திருக்கு" என்றான். "உனக்கே நான்தான்டா ஊசி போட்டேன். எட போட்டியா? எவ்ளோ?" என்று கேட்டு, ரெண்டே முக்கால் என்றதும் திருப்தியாகத் தலையாட்டினாள். யாரோ எங்கள் கையில் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தார்கள். "இவங்க யாரு சிஸ்டர்?" என்று கேட்ட பெண்ணிடம், "எங்க அக்கா. மெட்ராஸ்லேருந்து வந்திருக்காங்க" என்றாள். முறைப்படி அத்தானின் மனைவி அக்காதான். இருந்தாலும் நான் மோர் டம்ளரோடு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

மாளிகைமேட்டில் தோண்டியெடுத்த செங்கல் சுவர்களுக்கு மேல் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். அரண்மனையில் மிச்சம் அடித்தளம் மட்டும்தான். எந்த அறை எதற்கு என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தனம் கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். மதிய வெயிலில் வேறு யாரும் இல்லை. அவளாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? நீங்க என்னயப் பாத்தாலே ஒதுங்கிப் போயிடுறீங்களே, ஏன்?"

கையில் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். மழுப்ப முடியவில்லை. "கல்யாணத்தன்னிக்கு நீ தூணோரமா நின்னு அழுதத நான் பாத்தேன், தனம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சாதம் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாள்.

"அய்யோ அக்கா, அது பல்லு வலி! கடவாப்பல்லு. மொத நாளு ராத்திரியிலேருந்து உசுரு போவுது. பல்லு புடுங்கணும்னு சொன்னா, எங்கம்மா, கல்யாணத்தன்னிக்கு ரத்தம் பாக்கக் கூடாது, தாலி கட்டட்டும்னுட்டாங்க. தெரியாத ஊரு, எந்த ஆசுபத்திரிக்குப் போறது? தூணப் புடிச்சிக்கிட்டு நின்னேன். எல்லாரும் வந்து தலையத் தடவி, அழுவாத தாயி, உனக்கு ஒருத்தன் இல்லாமலா போவான்னு சொல்றாங்க. பல்லு வலின்னு சொன்னா ஒருத்தரும் நம்பல!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வந்தது, கண்ணில் தண்ணீரோடு வந்தது. அவள் சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஆனா கஷ்டமா இல்லன்னும் சொல்ல மாட்டேன். அத்தான் வேணும்னு இல்ல. அவங்கள நான் சரியா நிமுந்து பாத்தது கூட இல்ல. ஊரே என்னயப் பாவம்னு பாத்துச்சு பாருங்க, அதான் தாங்கல. அந்த வேகத்துலதான் நர்ஸு ட்ரெய்னிங்குக்குப் போவேன்னு அடம் புடிச்சேன். பாவப்பட்ட பொண்ணாச்சே, எங்கப்பா மறுக்கல. நீங்க வரலன்னா இந்நேரம் நான் அந்த வூட்டுல மாடு கட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

வேப்பம்பூ வாசனை வரும் பருவம் இன்னும் ஆகவில்லை. காய்ந்த இலைகள் எங்கள் மேல் உதிர்ந்துகொண்டிருந்தன. முப்பத்தாறு வருடம் நான் பேசாமல் விட்ட ஒருத்தியோடு அந்த மத்தியானம் முழுக்கப் பேசினேன். அவள் வேலைக்குப் போன முதல் வருடம் சைக்கிளில் போய் விழுந்தது, நான் சின்னவளைப் பெற்றபோது பட்ட பாடு, என் மாமியாரின் கோபம், அவளுடைய அம்மாவின் கோபம். இரண்டு கோபமும் ஒரே அச்சு. அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இத்தனை காலம் வேறு ஆள் இருந்ததில்லை. திரும்பும்போது மணி நாலரை.

செவ்வாய்க்கிழமை காலை அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொல்லி என் கணவர் கிளம்பினார். நான் லாட்ஜ் அறையில் துணி மடித்துக்கொண்டு காத்திருந்தேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

"குடுத்தாச்சா?"

"இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன்." கதவருகிலேயே நின்றார். "நான் நெனச்சிக்கிட்டு இருந்த ஊரு அவனுங்களோட போயிடுச்சு, உமா. தாம்பரத்துல காலைல நடக்கப் போனா நாலு பேரு, என்ன சார் நேத்து காணோம்னு கேக்குறான். இங்க நாலு நாளா நடக்குறேன், ஒருத்தன் கேக்கல. உனக்குப் புடிக்காதுன்னு தெரிஞ்சும் இழுத்துக்கிட்டு வந்தேன். இன்னிக்கே கெளம்பிடுவமா?"

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பொங்கலிலிருந்து இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து மனது கனத்தது. அதோடு, எனக்குக் கிளம்ப மனமும் இல்லை.

"நீங்க போங்க. நான் வெள்ளிக்கெழம வரேன்."

"எங்க தங்குவ?"

"தனம் வூட்டுல."

வீடு என்று சொல்லவில்லை, வூடு என்றுதான் வாயில் வந்தது. அவர் கவனித்துவிட்டார். அன்றைக்கு முதன்முதலாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

தனத்தின் வீடு உட்கோட்டையில். அவள் கணவர் நடராஜன் அதிகம் பேசாத மனிதர், விடியற்காலையில் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டு மூடி வைத்துவிட்டுத் தோப்புக்குப் போய்விடுவார். நானும் தனமும் தினம் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கோயிலுக்குப் போனோம். ஒரே சிற்பம் காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம் காட்டியது. பொன்னேரிக் கரையில் நடந்தோம். அந்தக் காலத்தில் ராஜேந்திரன் வெட்டிய பெரிய ஏரி. அணைக்கரைக்குப் போய், இந்தக் கோயில் மதிலின் கற்களை வெள்ளைக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுபோய்க் கட்டிய அணையையும் பார்த்தோம். தனம் முதல்முறையாக அந்தக் கதையைக் கேட்டாள். "நல்லவேள, கோபுரத்த விட்டானுங்களே" என்றாள்.

இனி தீர்ப்பு. கோயிலை மட்டும் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு காலைப் பொழுது போதும், ஓட்டுநர் அன்பழகன் சொன்னதில் தப்பில்லை. நகரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று இரவாவது கொடுங்கள். ஐதராபாத்தில் நகரம் நம் மேல் வந்து விழும். இங்கே நாம்தான் தேடிப் போய் ஒவ்வொரு ஊராக ஒட்டவைத்துக்கொண்டு வர வேண்டும். அருங்காட்சியகம், கடைவீதி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு ஓட்டல் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இரண்டாவது நாளே அலுத்துவிடும், என் கணவரைப் போல. ஒரு வாரம் தங்க இங்கே ஓர் ஆள் பழக்கம் வேண்டும். யாரும் இல்லாதவர்கள் டீக்கடையில் பேச்சுக் கொடுங்கள், இந்தப் பக்கத்து மனிதர்கள் பேசுவார்கள்.

கையில் குறித்துக்கொள்ள வேண்டியவை: சென்னையிலிருந்து நெய்வேலி வழியாகக் கும்பகோணம் போகும் பஸ்ஸில் மீன்சுருட்டியில் இறங்கினால் கோயில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ரயில் என்றால் அரியலூரில் இறங்கி பஸ். தங்குவதற்கு ஜெயங்கொண்டம். கோயில் மத்தியானம் நடை சாத்திவிடும், காலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டு நாலு மணிக்கு மேல் மறுபடி போங்கள். ஊர்களைச் சுற்ற ஆட்டோ அரை நாளைக்கு எழுநூறு, எண்ணூறு கேட்பார்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். மாசிக்கு மேல் வெயில் தாங்காது, தை மாதமே சரி. சொந்தக் காரில் திருச்சி சாலையில் வருகிறவர்கள் பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடிக் கோட்டையை விட்டுவிடாதீர்கள், ஒரு மணி நேரம் போதும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூட்டிப்போக என் கணவர் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து மீன்சுருட்டியில் இறங்கினார். நானும் தனமும் ஸ்கூட்டரில் போய் நின்றோம். மூன்று நாள் வெயிலில் நான் நன்றாகக் கறுத்திருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பை எங்க? நாலு மணிக்குத் திரும்புற பஸ் இருக்கு."

தனம் முந்திக்கொண்டாள். "அத்தான், அக்காவ ஞாயித்துக்கெழமதான் அனுப்புவேன்."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்க. சோறு ஆக்கியாச்சு, கொழம்பு ஆறுது." அவள் சாலையை எட்டிப் பார்த்தாள். "வண்டியில மூணு பேரு போவ முடியாது. இப்ப ஷேர் ஆட்டோ வரும். ஏறி உட்கோட்டை, நர்ஸம்மா வூடுன்னு சொல்லுங்க, எறக்கி விடுவான்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தனத்தின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன்.

"சீக்கிரம் வந்துடுங்க" என்றேன். நாங்கள் முன்னால் போனோம்.